உம்மம்மாவின் சுண்டு

எங்கட வீட்டில் கேக் அடிக்கத் தொடங்கினாலே முதல் சண்டை சொல்லில்தான் வரும். யூடியூப்பில் ஒரு பொம்புள "இப்ப ஃபோல்ட் பண்ணுங்க" எண்டு சொன்னா. நாங்க மூணு பேரும் முழிச்சோம். கதவு நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த உம்மம்மா, "அதென்ன புள்ளயள், சட்டையா மடிக்கிற?" எண்டு கேட்டா. பிறகு வீடியோவில் கை போற போக்கைப் பார்த்திட்டு, "அது புரட்டிச் சேர்க்கிற. நுரை சாகாம" எண்டு அவவே சொன்னா. 'நுரை சாகாம' என்பதைவிட நல்ல விளக்கம் எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. முட்டைக்குள்ள அடிச்சு ஏத்தின காத்துதான் கேக்கைத் தூக்குது. மாவைப் போட்டுக் கண்டபடி கலக்கினா காத்தும் போகும், கேக்கும் ரப்பர் மாதிரி இழுபடும்.

இது 2020 ஊரடங்கு நேரம். பெரியநீலாவணையில் எங்கட ஒழுங்கைக்குள்ள ஒரு வீட்டிலாவது கேக் வேகாத நாள் இல்ல. நாங்க விட்ட பிழைகளுக்குக் கணக்கில்ல. 350 பாகையில் வேகவிடச் சொன்னாங்க. எங்கட போறணைக் குமிழில் 250க்கு மேல இலக்கமே இல்ல. சரியெண்டு கடைசி வரைக்கும் திருகிவிட்டோம். மேல கரி, உள்ளுக்குக் களி. அமெரிக்கக்காரர் சொல்றது ஃபரன்ஹைட், நமக்கு அது கிட்டத்தட்ட 175 செல்சியஸ்தான் எண்டு அந்தக் கேக்கைக் கோழிக்குப் போட்ட பிறகுதான் தெரியும். இன்னொரு நாள் பேக்கிங் பவுடர் முடிஞ்சுதெண்டு அதே அளவுக்கு அப்பச்சோடா போட்டோம். சோடா அதைவிட மூணு நாலு மடங்கு வேகம். கூடவே தயிரோ தேசிப்புளியோ இருந்தாத்தான் ஒழுங்கா வேலை செய்யும். கேக் சவர்க்காரம் மாதிரி இருந்திச்சு. வாப்பா ஒண்டும் சொல்லாம ஒரு துண்டு முழுசாத் திண்டார்.

(போறணை எண்ட சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. பாணும் அப்படித்தான். ஆகவே பேக்கிங் நேற்று வந்த பழக்கம் எண்டு யாரும் சொன்னா நாங்க சண்டைக்கு வருவோம்.)

ஆனா நாங்க சொல்ல வந்தது வட்டிலப்பம் பற்றி. கேக்கில் பிழைச்சா சிரிக்கலாம். வட்டிலப்பத்தில் பிழைக்கப் பயமாக இருந்தது, ஏனெண்டா உம்மம்மாவுக்கு ஞாபகம் குறையத் தொடங்கியிருந்தது. ஒரே கதையை ஒரே பகலில் ரெண்டு தரம் சொல்லுவா. அவட கையில் இருக்கிறதை எழுதி வெச்சிரணும் எண்டு கொப்பியோட போய் முன்னுக்கு இருந்தோம்.

"முட்டை பத்து. கித்துள் கருப்பட்டி அரைக்கிலோ. தலைப்பால் ரெண்டு சுண்டு."

"எந்தச் சுண்டு உம்மம்மா?"

"நம்மட சுண்டுதான்."

நம்மட சுண்டு 2004 டிசம்பர் 26 காலையில் கடலோட போயிட்டு. வீடு போச்சு, திருவலை போச்சு, அந்தப் பேணியும் போச்சு. அதுக்குப் பிறகு வாங்கின எந்தப் பேணியும் அவட கணக்குக்குச் சரிவரல்ல. 16 வருசமாக் கண்ணால பார்த்துத்தான் ஊத்திக்கொண்டிருந்திருக்கிறா. எங்களுக்கு இது அண்டைக்குத்தான் தெரியும்.

சட்டிக்குக் கீழ தராசை வெச்சோம். அவ ஊத்தினா, நாங்க எழுதினோம். முதல் தரம் 410 கிராம். அடுத்த வெள்ளிக்கிழமை 460. "ஏன் உம்மம்மா கூடிச்சு?" எண்டு கேட்டோம். "இண்டைக்கு முட்டை பெரிசு, பாக்கல்லயா?" எண்டா.

அவிக்கிறதும் அப்படித்தான். ஆவித்தண்ணி சொட்டாம மூடியில் துணி கட்டணும். தண்ணி கொந்தளிக்கக் கூடாது, 'மெல்லக் கதைக்கணும்'. முட்டையும் பாலும் சேர்ந்தது 80 பாகைக்குக் கிட்டவே இறுகிரும். அதுக்கு மேல போனா திரைஞ்சு தண்ணி விடும். பிரெஞ்சுக்காரர் கஸ்டர்டைச் சுடுதண்ணித் தட்டில் வெச்சு வேகவிடுறதும் இதுக்காகத்தான். சிலர் வட்டிலப்பம் ஓட்டை ஓட்டையா வந்தாத்தான் அழகு எண்பாங்க. எங்கட வீட்டில் அது பிழை. இதில் விட்டுக்கொடுப்பே இல்ல.

2022 மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்க. கேஸும் இல்ல. ராத்தா கேக் செஞ்சு விற்கத் தொடங்கியிருந்த நேரம்; ரெண்டு பிறந்தநாள் ஓடருக்கு முற்காசும் வாங்கியாச்சு. அவ ஒரு மூலையில் குந்தி அழுதா. உம்மம்மா பின்வளவில் கல் அடுப்பு மூட்டி, பெரிய சட்டிக்குள்ள மணலைப் பரப்பி, நல்லாச் சூடேறினதும் அதில் கேக் தட்டை இறக்கினா. மூடிக்கு மேல சிரட்டைத் தணல். மேலயும் தணல், கீழயும் தணல். மூடிக்கு மேல உள்ளங்கையைப் பிடிச்சு சூடு பார்த்தா. கூடினா ரெண்டு தணலைத் தட்டிவிட்டா.

"எங்கட காலத்துல பெருநாள் கேக் இப்படித்தான் புள்ள."

அவ கேக் சுட்டவ எண்டு எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டதேயில்ல. அடி கொஞ்சம் கறுத்திச்சு, அதைச் சீவிட்டுக் கொடுத்தோம். முற்காசு திருப்பிக் கொடுக்க வேண்டி வரல்ல.

வட்டிலப்பப் பக்கத்தில் இப்ப 'தலைப்பால் 410 - 460, முட்டையைப் பார்த்து' எண்டு இருக்கு. ஏலக்காய், கறுவா, சாதிக்காய்க்கு எதிரே இன்னும் ஒண்டும் எழுதல்ல. எவ்வளவு எண்டு கேட்டா மூணு விரலைக் கூட்டிப் பிடிச்சுக் காட்டுறா. அதை நிறுக்க எங்கட தராசு காணாது.