எல்லை தாண்டி வரும் பழைய கார்: சில குறிப்புகள்

அயர்லாந்தில் புதிதாகக் குடியேறும் நம்மவர்கள் கார் வாங்க நினைத்ததும் முதலில் பார்ப்பது பிரிட்டிஷ் சந்தையைத்தான். இரண்டு நாட்டிலும் ஸ்டியரிங் வலப்பக்கம். அங்கே சந்தை பெரிது, தேர்ந்தெடுக்க நிறைய வண்டிகள் உண்டு, விலையும் பல நேரம் குறைவு. பெல்ஃபாஸ்டுக்குச் சாலை வழியே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஹோலிஹெட்டிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் ஏற்றியும் கொண்டுவரலாம். "விலை நல்லா இருக்கே, எடுத்துடலாமா அண்ணே?" என்று போனில் கேட்பவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: விற்பவர் சொல்வது காரின் விலை மட்டும். அந்தக் கார் ஐரிஷ் நம்பர் பிளேட்டோடு உங்கள் வாசலில் நிற்க ஆகும் செலவு வேறு. பதிவு வரியைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

*

விஆர்டி எனப்படும் வாகனப் பதிவு வரி அயர்லாந்தில் நடைமுறைக்கு வந்த நாள் 1993 ஜனவரி 1. ஐரோப்பிய ஒற்றைச் சந்தை தொடங்கியதும் அன்றுதான். உறுப்பு நாடுகளுக்கு இடையே சுங்கச் சாவடிகளுக்கு வேலை இல்லாமல் போனது. அதுவரை கார் மீது இருந்த கலால் வரியின் இடத்தில், பதிவு செய்யும்போது கட்ட வேண்டிய வரி வந்து உட்கார்ந்தது. நாட்டுக்குள் கொண்டுவரத் தடையில்லை. ஆனால் இங்கே குடியிருப்பவர் பதிவு செய்யாமல் ஓட்ட முடியாது.

கார்க் நகரில் ஃபோர்டு நிறுவனம் 1917இல் தொடங்கிய தொழிற்சாலை 1984இல் மூடப்பட்டது. இன்று அயர்லாந்துச் சாலையில் ஓடும் புதிய கார்கள் எல்லாமே வெளியிலிருந்து வந்தவை. அப்படியானால் "உள்ளூர்க் கார்", "இறக்குமதிக் கார்" என்ற பேதம் எங்கே இருக்கிறது? பழைய கார்களில் இருக்கிறது. இங்கே முதலில் பதிவாகிப் பழசான கார் ஒன்று. வேறு நாட்டில் பதிவாகிப் பழசாகி இங்கே வரும் கார் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே நியாயம் எது என்பதைப் பற்றித்தான் ஐரோப்பா முப்பது வருடத்துக்கும் மேலாக வழக்காடிக்கொண்டிருக்கிறது.

*

அந்த வழக்குகளில் முக்கியமான ஒன்று டென்மார்க்கைப் பற்றியது. கார் வரிக்குப் பெயர்போன நாடு அது. ஒரு காலத்தில் விலையின் மேல்தட்டுக்கு 180 சதவீதம் வரை பதிவு வரி. வெளிநாட்டிலிருந்து வரும் பழைய காருக்கு, அது எவ்வளவு தேய்ந்திருந்தாலும், புதுக் கார் விலையில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் மதிப்புப் போட்டு வரி வாங்கினார்கள். உள்ளூரில் கை மாறும் பழைய காருக்கோ மறுபடி பதிவு வரி கிடையாது.

1990 டிசம்பரில் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டென்மார்க்கில் கார் உற்பத்தியே இல்லை, ஆகவே புதுக் கார் மீதான வரி எவ்வளவு உயரமாக இருந்தாலும் அதை உள்ளூர்ப் பொருளுக்குக் காட்டும் சலுகை என்று சொல்ல முடியாது என்றது. ஆனால் ஒரு கார் நாட்டுக்குள் வந்து சந்தைக்குப் போனதும் அது உள்நாட்டுப் பொருளாகிவிடுகிறது. ஆகவே டென்மார்க்கில் பழைய கார்களுக்கு உள்நாட்டுச் சந்தை உண்டு. அதோடு போட்டி போடும் வெளிநாட்டுப் பழைய காரைக் கூடுதலாக வதைப்பது தவறு என்றது. வரி வாங்கும் உரிமையை மறுக்காமல், ஒருவனிடம் மட்டும் அதிகம் வாங்குவதை மறுத்தது. பின்னால் வந்த தீர்ப்புகள் பலவற்றுக்கும் அடிப்படை இந்த வேறுபாடுதான்.

*

இந்த நியாயத்தைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். புதுக் கார் ஒன்று வரியோடு 40,000 யூரோ; அதில் பதிவு வரி 8,000 என்று வைத்துக்கொள்வோம். குழம்பில் கரைந்த உப்பைப் போல அந்த வரி விலைக்குள் கரைந்து கிடக்கிறது. சில வருடம் கழித்து அதே கார் 20,000க்கு விற்கிறது. குழம்பு பாதியானால் அதில் உள்ள உப்பும் பாதி. இப்போது அந்தக் காரின் விலைக்குள் எஞ்சி நிற்கும் வரி 4,000.

அதே மாடல், அதே வயது, அதே நிலையில் ஜெர்மனியிலிருந்து ஒரு கார் வருகிறது. அதற்கு 4,000க்கு மேல் ஒரு யூரோ வாங்கினாலும் அது பாரபட்சம். பழைய ரோம் ஒப்பந்தத்தில் 95ஆம் பிரிவாக இருந்து இன்று 110ஆம் பிரிவாக இருக்கும் விதி சொல்வது இவ்வளவுதான்: மற்ற உறுப்பு நாட்டுப் பொருள் மீது, அதை ஒத்த உள்நாட்டுப் பொருள் சுமக்கும் வரியைவிட அதிகம் சுமத்தாதே.

*

சொல்வது எளிது. நாடுகள் கேட்டனவா?

போர்ச்சுகல் 1995இல் தோற்றது. 2001இல் இன்னொரு போர்ச்சுகல் வழக்கில் நீதிமன்றம் மேலும் தெளிவாகச் சொன்னது. அட்டவணை வைத்து மதிப்பிடலாம். ஆனால் வயதை மட்டும் பார்த்தால் போதாது. எத்தனை கிலோமீட்டர் ஓடியது, பொதுவான நிலை என்ன, எந்த எரிபொருள், எந்த மாடல் என்பதெல்லாம் விலையைத் தீர்மானிப்பவை. அட்டவணை தன் காருக்குப் பொருந்தவில்லை என்று உரிமையாளர் நிரூபிக்க வழி இருக்க வேண்டும். ஆனாலும் 2016இல் போர்ச்சுகல் மறுபடி கூண்டில் நின்றது. முதல் வருடத் தேய்மானத்தை அந்த நாடு ஏற்கவில்லை. ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட கார்களுக்குக் கழிவை 52 சதவீதத்தோடு நிறுத்தியிருந்தது. 2021இல் இன்னொரு முறை. இந்தத் தடவை பிரச்சினை, வரியின் சுற்றுச்சூழல் பகுதியில் தேய்மானத்தைக் கழிக்காதது.

பின்லாந்து 2002இல் தோற்று, 2003இல் கார் வரிச் சட்டத்தைத் திருத்தியது. ஹங்கேரி 2006இல். போலந்து 2007இல், அங்கே காரின் வயது கூடக்கூட வரி விகிதமும் கூடியது. பழைய கார் வாங்குபவர் யார்? கையில் குறைவாகப் பணம் உள்ளவர். அவரிடம் விகிதத்தைக் கூட்டி வாங்குவதை எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் அது அநியாயம்தான்.

*

ருமேனியாவின் கதையைத் தனியாகக் குறிக்க வேண்டும். 2008இல் அந்த நாடு மாசு வரி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நோக்கம் நல்லதாகவே தோன்றும்: காற்றைக் கெடுக்கும் பழைய வண்டிகள் குறையட்டும். ஆனால் வரி முதல் பதிவின்போது மட்டும். ஏற்கெனவே நாட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த அதே வயது, அதே புகை விடும் கார்களை அது தொடவில்லை.

2011 ஏப்ரலில் நீதிமன்றம் இதைத் தவறு என்றது. சுற்றுச்சூழலைக் காப்பதுதான் நோக்கம் என்றால், அந்த வகைக் கார்கள் எல்லாவற்றின் மீதும் வரி போட்டால் அந்த நோக்கம் இன்னும் முழுமையாக நிறைவேறுமே என்று சுட்டிக்காட்டியது. ருமேனியா வரியின் பெயரையும் கணக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தது. கடைசியில் 2017இல் வரியை ரத்து செய்து, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சட்டம் செய்தது. சாதாரண மக்கள் ஆயிரக்கணக்கில் நீதிமன்றப் படியேறியதால் நடந்தது அது.

*

இனி அயர்லாந்து. இங்கே வரியின் அடிப்படை நீங்கள் கொடுத்த விலை அல்ல. அந்தக் கார் அயர்லாந்துச் சந்தையில், எல்லா வரியும் சேர்த்து, இன்று என்ன விலை போகும் என்று வருவாய்த் துறை மதிப்பிடும் தொகை. ஓஎம்எஸ்பி என்று சுருக்கிச் சொல்வார்கள். "நான் பேரம் பேசிக் குறைவாக வாங்கினேன், ஏன் அதிக மதிப்பு போடுகிறார்கள்?" என்ற கோபம் இங்கேதான் பிறக்கிறது. கோபப்பட வேண்டியதில்லை. சந்தை விலையில் சதவீதம் என்பதால் கார் பழசாகப் பழசாக வரியும் இறங்குகிறது. மேலே சொன்ன நியாயத்துக்கு இந்த முறை நெருக்கமானது.

சதவீதத்தை நிர்ணயிப்பது கார்பன் டை ஆக்சைடு. 2022 முதல் இருக்கும் அட்டவணையில் குறைந்தது 7 சதவீதம், அதிகபட்சம் 41. ஒரு கார் இங்கே 18,000 யூரோ மதிப்பு, கிலோமீட்டருக்கு 118 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்றால் விகிதம் 16. வரி 2,880 யூரோ. பழைய சோதனை முறையில் அளந்த கார் என்றால் அதன் எண்ணைச் சூத்திரம் போட்டு மாற்றித்தான் கணக்கில் எடுப்பார்கள். விளம்பரத்தில் இருக்கும் எண்ணை அப்படியே நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

*

இதற்கு மேல் நைட்ரஜன் ஆக்சைடு கட்டணம். 2020இல் வந்தது, 2021இல் கடுமையானது. கிலோமீட்டருக்கு முதல் 40 மில்லிகிராமுக்கு மில்லிகிராம் ஒன்றுக்கு 5 யூரோ, அடுத்த 40க்கு 15 யூரோ, அதற்கு மேல் 25 யூரோ. 100 மில்லிகிராம் விடும் டீசல் காருக்கு 1,300 யூரோ ஆகிறது. 180 விட்டால் 3,300. டீசலுக்கு உச்சவரம்பு 4,850, மற்றவைக்கு 600. அளவுக்கு ஆதாரம் காட்ட முடியாவிட்டால் உச்சவரம்பையே கேட்பார்கள். ஆகவே காரின் தர உறுதிச் சான்றிதழை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

இந்தக் கட்டணத்தில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. கார் எவ்வளவு பழசானாலும் தொகை குறைவதில்லை. 2016இல் டப்ளினில் புதிதாகப் பதிவான ஒரு டீசல் கார் இந்தக் கட்டணத்தைக் கட்டியதே இல்லை. இன்று கை மாறும்போதும் கட்டாது. அதே வருடம் வெளிநாட்டில் பதிவான அதன் இரட்டை இங்கே வந்தால் ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டும். புகை இரண்டிலும் ஒன்றுதான்.

2013இல் நெதர்லாந்து வழக்கில் இதே கேள்வி எழுந்தது. புதிய கணக்கு முறை வருவதற்கு முன்பே சாலைக்கு வந்த காருக்கு, அதன் உள்ளூர் இரட்டையில் எஞ்சியிருக்கும் வரிக்கு மேல் வாங்க முடியாது என்றது நீதிமன்றம். நெதர்லாந்தில் இன்று, கார் முதலில் சாலைக்கு வந்த காலத்து விகிதம் குறைவாக இருந்தால் அதைத் தேர்ந்துகொள்ளலாம். அயர்லாந்தும் அந்த வழியைத் திறக்க வேண்டும். டப்ளின் காற்று சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் அக்கறை உண்டு. நம் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்று அது. அதற்கான விலையை ஓடும் டீசல் எல்லாமே வருடாவருடம் கொடுக்கட்டும்.

*

பிரெக்ஸிட் கணக்கையே மாற்றிவிட்டது. 2021 ஜனவரி 1 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றும் இந்த விஷயத்தில் அந்நிய நாடுகள். மேலே சொன்ன 110ஆம் பிரிவின் பாதுகாப்பு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்து வரும் கார்களுக்குத்தான். பிரிட்டனில் தயாரானது என்று நிரூபிக்க முடியாத காருக்கு 10 சதவீதம் சுங்கம், அதன் மேல் 23 சதவீதம் வாட். கப்பல் கூலியோடு 12,000 யூரோ ஆன கார் என்றால் சுங்கம் 1,200. இரண்டும் சேர்ந்த 13,200க்கு வாட் 3,036. விஆர்டியைத் தொடும் முன்பே 16,236 ஆகிவிட்டது.

வட அயர்லாந்துக் கார்களுக்கு இந்தச் சுமை இல்லை. ஆனால் கார் உண்மையிலேயே அங்கே பதிவாகிப் புழங்கியது, அல்லது முறைப்படி அங்கே இறக்குமதியானது என்று காகிதம் காட்ட வேண்டும். பெல்ஃபாஸ்டில் நிற்கிறது என்பது மட்டும் சான்றாகாது.

*

குடும்பத்தோடு இங்கே மாறி வருபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. வெளிநாட்டில் வசித்தபோது குறைந்தது ஆறு மாதம் உங்கள் பெயரில் வைத்து ஓட்டிய, அங்கே வரி கட்டிய கார் என்றால், குடிபெயர்வுச் சலுகையில் விஆர்டி இல்லாமலே பதிவு செய்யலாம். பன்னிரண்டு மாதத்துக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. லண்டனிலிருந்து டப்ளினுக்கு வேலை மாறி வரும் நம்மவர்கள், கிளம்பும் அவசரத்தில் காரை மாற்றிப் புதிது வாங்கி இந்தச் சலுகையை இழந்துவிடுகிறார்கள். ஓட்டிய பழைய காரையே கொண்டுவாருங்கள். காப்பீடு, லாக் புக், வீட்டு வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

*

நடைமுறை, சுருக்கமாக. கார் வந்த ஏழு நாளுக்குள் என்சிடி எனப்படும் தேசியக் கார் பரிசோதனை மையத்தில் நேரம் குறிக்க வேண்டும். முப்பது நாளுக்குள் பதிவு முடிய வேண்டும். தாமதித்தால் கூடுதல் தொகை ஏறும். பதிவானதும் மூன்று நாளுக்குள் புது நம்பர் பிளேட். வாங்கும் முன் கார் மீது கடன் பாக்கி உண்டா என்று பாருங்கள். காரில் கீறல், துரு, அதிக ஓட்டம் இருந்தால் பரிசோதனை நாளுக்கு முன்பே படம் எடுத்து வையுங்கள். அதே மாதிரிக் கார்கள் அன்றைக்கு இங்கே என்ன விலைக்கு விளம்பரமாகின்றன என்பதையும் சேமித்து வையுங்கள்.

*

கடைசியாக ஒரு வேண்டுகோள். மதிப்பு அதிகம் என்று தோன்றினால் வாயை மூடிக்கொண்டு போய்விடாதீர்கள். வெளிநாட்டில் வந்து அரசாங்கத்தோடு எதற்கு வம்பு என்ற தயக்கம் நம்மவர்களிடம் நிறைய. மேல்முறையீடு வம்பு அல்ல, சட்டம் தந்த வழி. முதலில் வரியைக் கட்டுங்கள். கட்டியதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் வருவாய்த் துறைக்கு ஆதாரத்தோடு எழுதுங்கள். அங்கே ஒத்துவராவிட்டால் முப்பது நாளுக்குள் வரி மேல்முறையீட்டு ஆணையத்துக்குப் போகலாம். போர்ச்சுகலிலும் பின்லாந்திலும் ருமேனியாவிலும் சட்டம் மாறியதற்குக் காரணம், ஒரு பழைய காரை வாங்கிய சாதாரண மனிதர்கள் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டதுதான். கட்ட வேண்டிய வரியை முழுதாகக் கட்டுங்கள். அதற்கு மேல் கேட்டால், ஏன் என்று எழுதிக் கேளுங்கள்.