நீலக் கதிரும் கத்தரியும்

நெடுநாள் பூக்கும் செடி என்று நாற்றுப்பண்ணைச் சீட்டில் அச்சிட்டிருப்பதைக் கண்டு வாங்கிச் செல்பவர்கள், அந்த நீட்சியைச் செடியின் பிறவிக்குணம் என்றே எண்ணிவிடுகிறார்கள். டென்மார்க்கில் ஏரன்பிரிஸ் என்றும் தாவர சாஸ்திரத்தில் வெரோனிக்கா என்றும் வழங்கும் இந்த நீலப் பூக்கன்றுகளை யூட்லாந்தின் மணற்பூமியில் பல கோடைகளாக வளர்த்துவரும் எனக்கோ, அதில் செடியின் பங்கைவிட வெயிலுக்கும் மண்ணுக்கும் கத்தரிக்கும் உள்ள பங்கே அதிகமென்று தோன்றுகிறது.

யாழ்ப்பாணத்து வளவில் நிழலுக்காக மரம் வைத்துப் பழகிய நமக்கு, இங்கே நிழலை விலக்கி இடம் தேடுவது விநோதமாகவே இருக்கும். அங்கே ஆண்டின் மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. இங்கே ஜூன் கடைசியில் 17 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் நிற்கிறது. ஆயினும் சூரியன் சாய்ந்தே சஞ்சரிப்பதால் ஒரு வேலியின் நிழல்கூட நெடுந்தூரம் படர்கிறது. அதில் அகப்பட்ட கதிர் வெளிச்சத்தை நோக்கி வளைந்து, ஆவணி பிறக்குமுன் தரையில் சாய்ந்துவிடும்.

மண்ணோ, ஹீதர்ப் புதர் மண்டிக் கிடந்த தரிசு. 1866-இல் என்ரிகோ டால்காஸ் முதலியோர் ஹீத் சங்கத்தை ஸ்தாபித்து, மரம் நட்டும் வாய்க்கால் வெட்டியும் பண்படுத்திய பிரதேசத்தைச் சேர்ந்தது. நீர் தங்காமை உழவனுக்குக் குறையாயினும் ஸ்பிகாட்டா என்னும் குட்டை ஜாதிக்கு அதுவே க்ஷேமம்; ஏனெனில் அதைக் கொல்வது குளிரன்று, குளிர்காலத்தில் வேரடியில் தேங்கும் ஈரமே. லோங்கிஃபோலியா என்னும் நெட்டை ஜாதி ஆற்றோர ஈரத்தை விரும்புவதாகையால், அதற்கு மட்டும் இலைமக்கு இட்டு, வறட்சியில் நீரும் விடுகிறேன். வேர் உலர்ந்தால் இலைமேல் சாம்பல்நோய் படரும். கொழுத்த உரம் இரண்டுக்குமே ஆகாது.

கதிர் அடியிலிருந்து நுனி நோக்கி மலர்வது. கீழ்ப் பூக்கள் உதிர்ந்து விதை பற்றும்போது, இரண்டே கேசரங்களை வெளியே நீட்டிய நாலிதழ்ப் பூக்கள் நடுவில் விரிந்திருக்க, நுனியில் மொட்டுகள் இன்னும் பச்சையாக நெருங்கி நிற்கும். ஹும்லெபி என்று இங்குள்ளோர் அழைக்கும் மயிரடர்ந்த தேனீ, விரிந்த பூக்களின் கீழ் வரிசையில் இறங்கி, சுற்றிச் சுற்றி மேலேறி, மொட்டுகளை அடைந்ததும் அடுத்த கதிருக்குத் தாவிவிடும். பூக்குழல் குட்டையானதால், நீண்ட நாக்கில்லாத சிறு தேனீக்களுக்கும் மலர் ஈக்களுக்கும் இப்பந்தியில் இடமுண்டு.

கதிரில் முக்கால் பங்கு உதிர்ந்ததும் வெட்டிவிட வேண்டும். நுனியில் மிஞ்சிய பூக்களுக்கு இரங்கிக் கை தயங்குவது இயல்பே. ஆனால் விதை முற்றத் தொடங்கினால் செடியின் சக்தி அங்கேதான் போகும். வாடிய கதிருக்குக் கீழே, இலைக்கக்கங்களில் அரிசியளவு துளிர்கள் தெரியும். அவற்றுக்குச் சற்று மேலே வெட்டினால், அவையே சில வாரங்களில் பக்கக் கதிர்களாக எழும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டுவது தேனீக்களைப் பட்டினி போடுவதாகும். ஆகையால் செடிக்குச் சிலவாகத் தவணை முறையில் வெட்டுவதே முறை.

செப்டம்பரில் கத்தரியை வைத்துவிடுகிறேன். அதன்பின் எழும் துளிர் குளிருக்குமுன் பூக்காதாகையால், கோடை முழுவதும் நாம் தடுத்துவைத்த விதையைச் செடி இனியேனும் முற்றவைத்துக்கொள்ளட்டும். உலர்ந்த தண்டுகளை ஏப்ரலில் வெட்டும்போது அடியில் விதைக் கன்றுகள் சில முளைத்திருக்கக்கூடும்; அவை தாயின் நிறத்திலேயே பூக்குமென்று சொல்வதற்கில்லை. அதே நீலந்தான் வேண்டுமென்பவர்கள், மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வசந்தத்தில் தூரைப் பிரித்து நட வேண்டும்.