நாடாவில் இட்ட கணக்கு

விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் மைதானத்து வெற்றிகளைப் பற்றியும் மற்றையோர் எழுதுவர். நீர் உமது தொழிலைப் பற்றி எழுதுக என்று மலராசிரியர் பணித்தார். கணனியில் உள்ள கணக்குகளைக் காத்தலே எமது தொழில். அதில் யாம் தோற்கவிருந்த ஒரு வாரத்தை எழுதத் துணிந்தோம்.

2003ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம். கொழும்பிலே யாம் கடமையாற்றிய கந்தோரில், பிற்பகல் இடிமழையொன்றின்போது மின்னல் தாக்கி, 400 தொழிலாளரின் சம்பளக் கணக்கைத் தாங்கிய கணனி அழிந்தது. தனிப் பெட்டியாக இருந்த நாடாக் கருவி தப்பியது. தீபாவளி முற்பணம் கொடுக்க ஒரு வாரமே இருந்தது. ஆயினும் யாம் கலங்கவில்லை. மாத இறுதியில் முழுப் பிரதியும், இரவுதோறும் அன்று மாறியவற்றின் பிரதியும் நாடாவில் எடுத்து, பதிவேட்டிற் 'சரி' என்று கையொப்பமிடுவது எமது வழக்கம். நாடாவை இக்காலத்தார் ஏளனம் செய்வர்; 2011ஆம் ஆண்டு பெப்ரவரியில் மின்னஞ்சற் பெட்டிகள் சில வெறுமையானபோது கூகிள் நிறுவனமே கடிதங்களை நாடாவிலிருந்துதான் மீட்டது.

புதிய கணனியிற் செப்ரெம்பர் மாத முழுப் பிரதியை இட்டோம். நாடா முன்னும் பின்னும் ஓடிற்று. வாசிக்க இயலவில்லை என்ற செய்தியே திரையில் வந்தது. துப்புரவு நாடாவை ஓட்டினோம். இணைப்பு வடத்தை மாற்றினோம். ஓகஸ்ற் நாடாவும் அவ்வாறே மறுத்தது. அண்மைய இரவு நாடாக்கள் மட்டும் தடையின்றி ஓடின. முழுப் பிரதியின்றி அவை அத்திவாரமில்லாத சுவர்கள்.

நள்ளிரவிலேதான் எமக்கு உறைத்தது. மாதத்தின் முதல் வாரத்தில் நாடாக் கருவியை மாற்றியிருந்தோம். கிளைக் கந்தோர் நாடாக்களைப் பழைய கருவி வாசிக்க மறுத்ததே காரணம். அவ்வகைக் கருவியிற் சுழலும் உருளையில் அமைந்த எழுதுமுனைகள், ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் அகல நாடாவில், மயிரிழையினும் மெல்லிய சாய்கோடுகளாக எழுதும். முனைகளின் நேரமைவு சற்றே பிசகினும், பிசகி எழுதியதை அதே கருவி தடையின்றி வாசிக்கும். பிற கருவிகளுக்கு அது வாசிக்கவொண்ணா எழுத்து. இரவுதோறும் சரிபார்த்ததும் அதே கருவிதான்! எமது கணித ஆசான் அவரவர் தாளை அவரவர் திருத்த ஒருநாளும் விட்டதில்லை. அடுத்த வாங்குக்காரனிடமே கொடுப்பார். அவரிடம் படித்த யாமே இதனை மறந்திருந்தோம்.

பழைய கருவி கழிவுப் பொருளாகக் களஞ்சியத்துக்குப் போயிருந்தது. காலையிற் களஞ்சியப் பொறுப்பாளரை வாயிலிலே மறித்தோம். "ஏலத்துக்கு எடுக்கிறவை நாளைக்குத்தான் வருவினம், ஐயா" என்றார் அவர். உடைந்த கதிரைகளின் அடியிலிருந்து கருவியை எடுத்துத் தூசு துடைத்துப் பூட்டினோம். செப்ரெம்பர் நாடா முதல் ஓட்டத்திலேயே பேசியது.

நாடாவின் அட்டவணையும் அழிந்த கணனியிலேயே இருந்தமையால், நாடா முழுவதையும் ஓட்டி அதனைப் புதிதாக ஆக்கவே நான்கு மணி நேரம் சென்றது. பின்னர் இரவு நாடாக்களைத் திகதி வரிசை பிசகாது, எழுதிய கருவியிலேயே இட்டு மீட்டோம். இறுதி இரவின் மேலதிக நேரக் கோப்பை எவரோ மூடாது விட்டுப் போனமையால் நாடா அதனைத் தவிர்த்திருந்தது. எழுதுவினைஞர் இருவர் சீட்டுக்களைப் பார்த்து அதனைக் கையால் நிரப்பினர்.

தீபாவளிக்கு முதல்நாள் மாலை முற்பணம் கொடுபட்டது. பழைய கருவியைக் கழிவுப் பட்டியலிலிருந்து நீக்குமாறு யாம் எழுதியபோது, கணக்காளர் காரணம் கேட்டார். இரண்டு பக்கங்களில் விடை எழுதி, யாம் 'சரி' இட்ட பதிவேட்டையும் அதனுடன் அனுப்பினோம்.