பல்லிக்கும் காய்ச்சல் வரும்

நான் ஸ்கீவவில் வளர்ந்தவன். சின்ன வயதில் யேர்ல் ஹேதவுக்குப் பள்ளிச் சுற்றுலா போனபோது, மணல் பாதையில் ஒரு ஹூகோம் பாம்பு சுருண்டு கிடந்து வெயில் காய்ந்தது. ஊர்வனவுக்கு எங்களைப்போல உடம்பைத் தானாகவே சூடாக வைத்திருக்க முடியாது, வெயிலில்தான் சூடேற்ற வேண்டும் என்று ரீச்சர் சொன்னார்.

அப்படியென்றால் பாம்புக்குக் காய்ச்சல் வருமா? பதிலைப் பல வருடங்கள் கழித்துத்தான் வாசித்தேன்.

1974இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மத்தியூ குளூகரும் அவருடைய குழுவும் பாலைவன இகுவானா என்ற பல்லிகளுக்கு இறந்த பற்றீரியாவை ஊசியால் ஏற்றினார்கள். கூட்டின் ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர். பல்லிகள் சூடான பக்கத்தையே தேடிப் போய், உடல் வெப்பத்தை ஏறத்தாழ 2 பாகை கூட்டிக்கொண்டன. உள்ளிருந்து வராத காய்ச்சலை அவை நடந்துபோய் எடுத்துக்கொண்டன!

அடுத்த வருடம் உயிருள்ள பற்றீரியாவை ஏற்றி, 34 முதல் 42 பாகை வரை வெவ்வேறு வெப்பநிலைகளில் பல்லிகளை வைத்தார்கள். 40, 42 பாகைகளில் இருந்தவற்றில் பெரும்பாலானவை தப்பின. 34 பாகையில் இருந்தவை தப்பவில்லை. பிறகு காய்ச்சலைக் குறைக்கும் மருந்து கொடுத்துப் பார்த்தபோது, காய்ச்சல் வராமல்போன பல்லிகள் இறந்தன.

ஊர்வனவின் உடலில் பிறபொருளெதிரிகள் மெதுவாகத்தான் உருவாகும். அதனால் முதல் நாட்களில் வெள்ளையணுக்களின் வேகம் முக்கியம். அந்த வேகத்துக்குச் சூடு உதவும். ஆனால் காட்டில் இதற்கு விலை உண்டு. வெயிலில் கூட நேரம் கிடந்தால் பருந்தின் கண்ணில் படலாம். உடம்பின் சக்தியும் கூடச் செலவாகும்.

இதை வாசித்துவிட்டுப் பரசிற்றமோலைக் குப்பையில் போடாதேங்கோ! நாங்கள் பல்லிகள் இல்லை. காய்ச்சலுக்கு என்ன செய்வதென்று டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு ஞாபகம் வந்தது வேறொன்று. ஓல்போவில் பொறியியல் முதுகலை படித்தபோது, ஒரு குளிர்காலம் நெஞ்சில் சளி கட்டி, 39 பாகைக் காய்ச்சலோடு மூன்று நாள் அறையில் தனியே கிடந்தேன். அம்மா போன் எடுத்தா.

“சுகமா இருக்கிறியாடா?”

“ஓம் அம்மா, சுகம்.”

அவ விடிய நாலு மணிக்கு எழும்பி வேலைக்குப் போறவ. ஏன் கரைச்சல் கொடுப்பான் என்று நினைத்தேன். நாலாம் நாள் ஏலாமல் உண்மையைச் சொன்னேன். அன்று பின்னேரமே அப்பா காரில் வந்து நின்றார். டொக்டர் நிமோனியா என்றார், அன்ரிபயோற்றிக் தந்தார். ஸ்கீவவில் அம்மா மல்லித்தண்ணி வைத்துத் தந்தா. “பொய் சொன்னியேடா” என்று மட்டும் சொன்னா. அது இன்றைக்கும் சுடுகிறது.

எங்களில் கனபேர் இப்படித்தான், இல்லையா? அப்பா அம்மா பட்ட கஷ்டம் போதும் என்று, எங்கள் வருத்தத்தை மறைத்துவிடுகிறோம்.

ஆனால் வருத்தம் வந்த பல்லி குளிர்ப் பக்கத்தில் பேசாமல் படுத்திருக்கவில்லை. எழும்பிச் சூடு இருந்த பக்கம் போனது. நீங்களும் போன் எடுங்கோ.