கப்பல் ஏறாத ஷூ

ஆடி வந்தால் அம்மனுக்குக் கூழ், நமக்குத் தள்ளுபடி. தி.நகரில் ‘50% + 20%’ என்று போர்டைப் பார்த்ததும் மனசுக்குள்ளேயே கூட்டி, ‘அடேயப்பா, எழுபது!’ என்று உள்ளே நுழைந்துவிடுகிறோம். நிதானமாகப் போட்டுப் பாருங்கள். நூறு ரூபாயில் பாதி போனால் 50. அந்த 50-ல் 20 சதவீதம் என்பது 10. ஆக மொத்தத் தள்ளுபடி 60தான். இதைக் கண்டுபிடிக்கத்தான் என் அப்பா மூன்று வருஷம் ஃபீஸ் கட்டி என்னை பி.காம். படிக்க வைத்தார்.

அப்பேர்ப்பட்ட கணக்குப் புலி, சில வருஷங்களுக்கு முன்னால் ஆம்பூர் பக்கம் நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில் நாலாயிரம் ரூபாய் ஷூவை ஆயிரத்து இருநூறுக்கு வாங்கியது. கடையின் பெயர் வேண்டாம். ‘எக்ஸ்போர்ட் பீஸ் சார், ஜெர்மனிக்குப் போக வேண்டியது’ என்றார்கள். நல்ல நாளுக்கு என்று பெட்டியிலேயே பூட்டி வைத்திருந்து, ஒரு பெரிய கம்பெனி இன்டர்வியூவுக்குப் போட்டுக்கொண்டு போனேன். பளபளவென்று கிரானைட் தரை. நான் நடக்க நடக்கப் பின்னால் கறுப்பாக என்னவோ உதிர்ந்துகொண்டே வந்தது. துடைப்பத்தோடு ஓர் அம்மா என் பின்னாலேயே வந்தார். அறைக்குள் போய் உட்காரும்போது இடது காலில் சோல் இல்லை. எதிரே இருந்த மூன்று பேரும் என் மார்க் ஷீட்டைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்கள். வேலை கிடைக்கவில்லை. அதனால்தான் இன்றைக்கு நீங்கள் இதைப் படிக்க நேர்ந்திருக்கிறது.

இந்த ஆடியில் அதே சோதனை என் மச்சினனுக்கு. திங்கட்கிழமை பெங்களூரில் முதல் இன்டர்வியூ. கையில் 2,500 ரூபாய். “மாமா, நீங்க கூட வாங்க” என்றான். என் அனுபவத்தை அவ்வளவு மதிக்கிறானே என்று கிளம்பிவிட்டேன். ஆம்பூர்தான் என் மாமியார் ஊர்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-ல் சாமி வந்துவிட்டார். ஆறும் 2021 நவம்பரில் கரை புரள ஒரு தடவை வந்து காட்டிவிட்டுப் போனது. நான் போன அன்று பாலாற்றில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிகொண்டா, மாதனூர் தாண்டி ஆம்பூர் நெருங்க நெருங்க ரோட்டோரமெங்கும் ஷூக் கடை போர்டுகள். நடுநடுவே பிரியாணிக் கடைகள். இங்கே எதை முதலில் வாங்குவது என்பதில் எனக்குக் குழப்பமே கிடையாது. சீரகச் சம்பா பிரியாணி, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். அதற்குப் பிறகுதான் ஷூ. ஒரு சாஸ்திரமும் இருக்கிறது: நாள் பூரா நடந்தால் கால் கொஞ்சம் வீங்கும். காலையில் சரியாக இருந்த ஷூ சாயங்காலம் கடிக்கும். மத்தியானத்துக்கு மேல் போட்டுப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

கடைக்குப் புறப்படும்போது அத்தையும் கிளம்பினார். என் மாமியார் பதினெட்டு வருஷம் ஷூ கம்பெனியில் அப்பர் தைத்தவர். சாயங்காலம் ஷிப்ட் விட்டால் கம்பெனி பஸ்களில் ஜன்னலோரமெல்லாம் பெண்கள் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போவார்களே, அப்படி ஒரு ஜன்னலில் பதினெட்டு வருஷம் போய் வந்தவர்.

முதல் கடையில் நான் வழக்கம்போல, “பாய், இதுல எவ்வளவு தள்ளுபடி?” என்று ஆரம்பித்தேன். அத்தை என்னைத் தடுத்தார்.

“வெலைய அப்புறம் கேக்கலாம் மாப்ளே. இந்த ஜோடி ஏன் கப்பல் ஏறலைன்னு மொதல்ல கேளுங்க.”

பி.காமில் யாரும் எனக்குச் சொல்லித் தராத பாடம் அது. துணிக்கடையில் முடிவது நம்ம ஊர் சீசன். ஆம்பூரில் முடிவது ஐரோப்பாவின் சீசன். அவர்களுடைய பனிக்காலத்துக்கான பூட்ஸை நம் பெண்கள் வேலூர் வெயிலில் தைக்கிறார்கள். மிஞ்சியது இங்கே கடைக்கு வருகிறது. மிஞ்சியதற்குக் காரணம் நாலு. எதற்கும் இருக்கட்டும் என்று ஆர்டருக்கு மேல் கூடுதலாகத் தைத்தது. வாங்குகிற கம்பெனி ஆர்டரை ரத்து செய்தது. 2020-ல் கொரோனா வந்தபோது உலகமெங்கும் அப்படித்தான் நடந்தது. சின்னக் குறையால் ரிஜெக்ட் ஆனது. கடைசியாக, வருஷக்கணக்கில் குடோனில் தூங்கியது. முதல் இரண்டும் நமக்கு அதிர்ஷ்டம். மூன்றாவது பார்த்து வாங்க வேண்டியது. நாலாவது என் இன்டர்வியூ.

என் சோல் உதிர்ந்த ரகசியமும் அன்றுதான் விளங்கியது. எடை குறைந்த பி.யு. சோல் (பாலியூரித்தேன்) காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். காலில் போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் சிதையும். சரக்கு தூங்கினால் வட்டி தூங்காது என்பதால் கடைக்காரர் விலையைக் குறைக்கிறார். நாமோ அந்தச் சரக்கை வாங்கி வந்து நம் பீரோவில் இன்னும் கொஞ்சம் தூங்க வைக்கிறோம். “நகத்தால அழுத்திப் பாருங்க. பிசுபிசுன்னாலோ வெடிப்பு தெரிஞ்சாலோ வெச்சிட்டு வாங்க” என்றார் அத்தை. ரப்பர் சோலுக்கும் தோல் சோலுக்கும் இந்த வியாதி இல்லை.

தோலா, ரெக்ஸினா? மோந்து பார்க்காதீர்கள், வாசனையை ஸ்ப்ரேயில் அடித்துவிடலாம். ஓரத்தைப் பாருங்கள். தோல் என்றால் நார் நாராகத் தெரியும், ரெக்ஸினுக்கு அடியில் துணி இருக்கும். நிஜமாகவே ஐரோப்பாவுக்குத் தைத்த ஷூ என்றால் குட்டியாகப் படங்கள் இருக்கும். 1994-ல் அங்கே போட்ட விதி. மேல்பாகம், லைனிங், சோல் மூன்றும் எதனால் ஆனவை என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும். விரித்த ஆட்டுத்தோல் மாதிரி படம் இருந்தால் தோல். அதன் நடுவில் ஒரு டைமண்ட் இருந்தால் மேலே பூச்சுப் போட்ட தோல். வெறும் டைமண்ட் என்றால் தோலும் இல்லை, துணியும் இல்லை, வேறு ஏதோ.

அத்தை ஒரு பிரவுன் ஷூவைக் கையில் எடுத்தார். இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறம், நீளம் பார்த்தார். வளைத்துப் பார்த்தார். விரலால் தையலைத் தடவிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அரை அங்குலத்துக்குத் தையல் லேசாகக் கோணியிருந்தது.

“இதான் காரணம். ஷூவுக்கு ஒண்ணும் ஆகாது, எடுத்துக்கலாம்” என்றவர், கொஞ்சம் கழித்து மெதுவாகச் சொன்னார்: “இந்தத் தையலுக்கு அன்னிக்கு லைன்ல எவளோ நல்லா திட்டு வாங்கியிருப்பா.”

நான் அதுவரை எந்தத் தள்ளுபடியையும் அப்படிக் கணக்குப் போட்டதில்லை. நமக்கு மிச்சமாகிற ரூபாயை எங்கேயோ யாரோ ஏற்கெனவே கட்டியிருக்கிறார்கள். டேனரிக் கழிவால் கெட்ட பாலாறும் கட்டியிருக்கிறது. கெடுத்தவர்களே ஈடு கட்ட வேண்டும் என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன புகழ்பெற்ற தீர்ப்பு இந்த மண்ணின் வழக்கில் வந்ததுதான். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து 10 பேர் உயிரையே கட்டினார்கள்.

விலை 1,900 என்றார் பாய். “பில் வேணாம்னா இன்னும் கொஞ்சம் கம்மி பண்றேன்” என்று கண்ணடித்தார். இங்கேதான் என் பி.காம். விழித்துக்கொண்டது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை ஷூவுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். அந்தச் சொற்பத்துக்காக பில்லை விட்டால் நாளைக்கு எதைக் காட்டிக் கேட்பது? பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் வேறு கெடு போடாவிட்டால் 30 நாள் அவகாசம் உண்டு. பில் வாங்கினோம்.

மச்சினன் திங்கட்கிழமை போய்விட்டு வந்தான். முடிவு இன்னும் வரவில்லை. சோல் முழுசாகத் திரும்பி வந்திருக்கிறது. நம் குடும்பத்தில் அதுவே ஒரு முன்னேற்றம்.

எல்லாம் சரி, நீ என்ன வாங்கினாய் என்கிறீர்களா? அத்தை பில் போடுமிடத்தில் இருந்த ஐந்து நிமிஷத்தில்தான் அது நடந்தது. லெதர் ஜாக்கெட். உள்ளே ரோமம் வைத்தது. 60 சதவீதம் தள்ளுபடி. வீட்டுக்கு வந்து போட்டுக் காட்டினேன். என் மனைவி ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்:

“நல்லா இருக்கு. இது எந்த ஊர் சீசனுக்கு?”