ஆஸ்லோவில் உடன்குடிக் கருப்பட்டி

அப்பாவின் பணி நிமித்தம், நார்வே நாட்டின் தலைநகரான ஆஸ்லோவில் மூன்றாண்டுகள் வாழ்ந்தோம். டிசம்பர் இறுதியில் அங்கே காலை 9 மணிக்கு மேல்தான் கதிரவன் உதிப்பான். பிற்பகல் 3 மணி தாண்டியதும் மறைந்துவிடுவான். அப்போது உடன்குடியில் இரவு 7.30 மணி கடந்திருக்கும். ஆச்சி தொலைபேசியில் அழைப்பார்கள்.

ஒருநாள் தம்பி நார்வே மொழியிலேயே பதில் சொன்னான். “என் பேரன் பேச்சு எனக்கே விளங்கலையே!” என்று ஆச்சி அழுதுவிட்டார்கள்.

மறுநாளே அம்மா ஒரு சட்டம் போட்டார்கள். ஆச்சி கொடுத்தனுப்பிய கருப்பட்டியில் மாலைதோறும் சுக்குக் காப்பி. தமிழில் கேட்டால்தான் கிடைக்கும்! தம்பி இரண்டு நாள் முறைத்தான்; மூன்றாம் நாள் கேட்டான். பங்குனிக்குள் கருப்பட்டி தீர்ந்தது; அவன் பேச்சு தீரவில்லை.

ஊர் திரும்பிய அன்று வாசலிலேயே, “ஆச்சி, காப்பி தாங்க!” என்றான். ஆச்சி மறுபடியும் அழுதார்கள். இம்முறை நாங்களும் அழுதோம்.