அவர் கைக்கட்டும் ஒரு பச்சைப் பொடியும்

அது தை மாதம். ஓசூர்க் குளிர் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். உதடு வெடிக்கும், நைலக்ஸ் புடவையைக் களைந்தால் படபடவென்று பொரியும். அன்று மாலை நாலு மணிக்கே என் கணவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு! எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

அவருக்கு, தண்ணீர்த் தொட்டி வார்க்கும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் வேலை. மாவு போன்ற பாலிஎத்திலீன் பொடியை மூட்டையிலிருந்து இரும்புத் தொட்டியில் கொட்ட வேண்டும். ஏணியில் நின்று கொட்டும்போது விரல் நுனியில் சுளீரென்று ஒரு பொறி. கையை வெடுக்கென்று இழுத்ததில் கால் தவறிவிட்டது. "கரண்டே இல்லாத இடத்துல ஷாக் அடிச்சுது" என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. நான்கூட, தூக்கக் கலக்கமோ என்றுதான் நினைத்தேன். இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

நம்பியவள் எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கும் எங்கள் மூத்த மகள் ஒருத்திதான். "தலை வாரின சீப்புல காகிதம் ஒட்டுதே, அதே சமாசாரம்தாம்மா. பொடி உராய உராய மின்னேற்றம் சேரும். பிளாஸ்டிக் அதைக் கடத்தாது. காத்தும் வறண்டிருந்தா போக வழியே இல்ல. கை கிட்டப் போனதும் பாஞ்சுடும்" என்றாள். தொட்டிக்கு எர்த் கம்பி உண்டா என்று விசாரிக்கச் சொன்னாள். கம்பி இருந்ததாம், கிளிப் கழன்று எத்தனையோ நாளாகத் தொங்கிக்கொண்டிருந்ததாம்!

அதோடு விட்டாளா? கல்லூரி பிராஜெக்டுக்கே அந்தப் பொடியை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு துகளுக்கும் மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கால் சட்டை போடப் போகிறாளாம். பிளாஸ்டிக்காவது, மின்சாரமாவது என்றேன். ஜப்பானில் ஷிராகாவாவின் ஆய்வகத்தில் வினையூக்கியைத் தவறுதலாக ஆயிரம் மடங்கு சேர்த்துவிட, வெள்ளி போல மின்னும் படலம் வந்ததாம். (நம் வீட்டில் உப்பு ஒரு கரண்டி கூடினால் கிடைப்பது வேறு!) பிறகு 1977-ல் அவரும் மக்டியார்மிட், ஹீகர் என்ற இருவரும் அதில் அயோடினை ஏற்றி மின்சாரம் ஓட வைத்தார்கள். மூவருக்கும் 2000-ல் நோபல் பரிசு. நம் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில்கூட 1990-களின் தொடக்கத்திலேயே கண்ணாடி நூல் துணியின் மேல் பாலிஅனிலின் என்ற இந்த வகைப் பொருளைப் படிய வைத்திருக்கிறார்கள்.

"கரித்தூளைக் கலந்தாப் போதாதா?" என்று கேட்டேன்.

"நிறையப் போடணும்மா. பண்டம் கறுத்து, நொறுங்கவும் ஆரம்பிக்கும். பொரிக்கு எண்ணெய் பிசறுவியே, அந்த மாதிரி ஒவ்வொரு துகள் மேலயும் மெல்லிசாப் பூசினா கொஞ்சமே போதும். அழுத்தும்போது சட்டையும் சட்டையும் ஒட்டிக்கும், அது வழியா மின்சாரம் போயிடும்."

அமிலம் கலந்த தண்ணீரில் அனிலினைக் கரைத்து, பொடியைப் போட்டு, குளிர வைத்துக் கிளறிக்கொண்டே, அம்மோனியம் பெர்சல்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார்களாம். பொடி தண்ணீரில் ஒட்டாமல் மிதக்கும். சோப்பு போன்ற ஒன்றைச் சேர்த்தால்தான் நனையும். மெல்ல மெல்லப் பச்சை நிறம் ஏறும்.

அனிலின் விஷம். தோல் வழியாகவே உள்ளே போய், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். உதடு நீலம் பாரிக்கும். இது தெரிந்த நாளிலிருந்து தினமும் வாசலில் நின்று, "கையுறை எடுத்துக்கிட்டியா?" என்று கேட்காமல் அவளை அனுப்பியதில்லை. ஒருவர் கட்டோடு உட்கார்ந்திருப்பது போதாதா?

பங்குனியில் ஒருநாள், பொடியை அழுத்திச் செய்த பொத்தான் அளவு பச்சை வில்லை ஒன்றும், மீட்டரும் கொண்டு வந்தாள். இரண்டு முனைகளை வைத்ததும் முள் நகர்ந்தது. அம்மோனியா நீரில் ஊறப்போட்ட இன்னொரு வில்லை நீலமாக இருந்தது. அதில் முள் அசையவே இல்லை.

கட்டுப் பிரித்துச் சூம்பிப் போயிருந்த கையில் பச்சை வில்லையை வாங்கிப் பார்த்தார் அவர். "அப்ப எங்க தொட்டியை இதுலயே வார்த்துடலாமா?"

"முடியாதுப்பா. உங்க உலைச் சூட்டுல இந்தக் குணம் போயிடும். குடிக்கிற தண்ணிக்கும் இது வேணாம். எலெக்ட்ரானிக் சாமான் வைக்கிற தட்டு மாதிரிக்குத்தான் ஆகும். உங்களுக்கு எர்த் கம்பிதான்."

மறுவாரம் அவர் வேலைக்குக் கிளம்பியபோது, சாப்பாட்டுப் பையில் புது கிளிப் ஒன்றும் இருந்தது. அவரே வாங்கி வைத்திருந்தார்.